பத்தொன்பது விரல்கள்

பெரிய வாத்தியார் கலியாணசுந்தரத்துக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, இரத்தக் கொதிப்பு கிடையாது. ஐம்பத்திரண்டு வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் இருந்த இடத்தில் இருந்தன. அவருக்கு இருந்த ஒரே வியாதி கருணாகரன். அது வந்து இரண்டு வருஷமாயிற்று.

கருணாகரன் அவருக்குக் கீழே வேலை பார்த்த உதவி வாத்தியார். இருபத்தாறு வயது, கல்யாணமாகாதவன், பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தவன். மலாக்காவில் காஜா பெராங் என்ற சடக்கை, அதாவது சாலையை, ஒட்டி நின்ற அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இவர்கள் இருவர்தான் வாத்தியார்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே நீளக் கொட்டகை. நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் கீழ் வகுப்புகள், அந்தப் பக்கம் மேல் வகுப்புகள். பின்னால் பெரிய வாத்தியாருக்குக் கல்வி இலாகா கொடுத்த வீடு. இடது கையில் முனிசிபாலிட்டி ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம், வலது கையில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பு.

மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. அந்த நேரத்தில் கலியாணசுந்தரம் புத்தகத்தை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். கருணாகரன் வந்த முதல் மழையில் தட்டிக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அவன் வாயைத் திறக்காமல் கரும்பலகையில் கணக்கை எழுதுகிறான், பிள்ளைகள் விரல்களை மடக்கி நீட்டிப் பதில் காட்டுகிறார்கள். அன்றைக்கு அவருக்கு முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஒரு புகைச்சல் எழுந்தது. மழைக்குக்கூட ஓய்வு கொடுக்காதவன் என்ன மனுஷன் என்று வீட்டில் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

அவன் வந்த வருஷம் ஆறாம் வகுப்புப் பரீட்சையில் ஏழு பேரில் ஆறு பேர் தேறினார்கள். அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் மூன்றைத் தாண்டியதில்லை. இலாகாவிலிருந்து வரும் மேற்பார்வையாளர் பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் முகம் மலராதவர். அவரே கருணாகரனின் தோளில் தட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற பெரிய வாத்தியாரின் தோள் அன்று முழுக்க அரித்தது.

இத்தனைக்கும் பள்ளிக்கூடம் தள்ளாடிக்கொண்டிருந்தது. நாலு காசு பார்த்தவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கும் கான்வென்டுக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். சுதந்திரம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத அந்தச் செப்டம்பர் கடைசியில் பொன்னுதுரை வந்து பதிவேட்டைப் பார்த்தார்.

"முப்பத்தாறு பிள்ளையள். அதிலை ஒன்பது பேர் வாற வருஷம் வெளியிலை போகினம். மிச்சம் இருபத்தேழு. கேளும் வாத்தியார், முப்பதுக்குக் கீழை போனா இந்தப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோய் இன்னொண்டோட சேர்த்துப்போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு."

"சேத்துட்டா நான் என்ன சார் ஆவேன்?"

"அங்கை ஏற்கெனவே ஒரு தலைமையாசிரியர் இருப்பார் தானே. நீர் அவருக்குக் கீழை. வீடும் இலாகாவுக்குத் திரும்பிப்போம். ஜனவரி மூண்டாம் கிழமை வருவன். முப்பதைக் காட்டும்."

அவர் போன பிறகு கலியாணசுந்தரம் வீட்டுக்குள் வந்தார். மனைவி பாக்கியலட்சுமி ஒரு மங்குக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மேலே நெத்திலிச் சம்பால் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அது யாருக்கு?"

"கருணாகரன் தம்பிக்கு. தினம் கடையில தின்னா வயிறு என்னத்துக்கு ஆவும்?"

"எனக்கு மட்டும் நேத்து வச்ச புளிக்குழம்பு."

"நேத்து வச்ச குழம்புதான் ருசின்னு இருவத்தஞ்சு வருஷமா சொல்றது யாரு? இன்னிக்கு என்ன புதுசா?"

"சம்பால் மணக்குதே, அதான் கேட்டேன்."

"ஒரு கரண்டி எடுத்து வச்சிருக்கேன், வாங்க. இந்த வயசுல ஒரு சின்னப் பையன் மங்கை எட்டிப் பாக்கறீங்களே, நல்லாவா இருக்கு."

நல்லாயில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சாப்பிடும்போது மனசு மங்கின் பின்னாலேயே போயிற்று. தன் தட்டில் விழுந்த நெத்திலி சின்னதா, அவனுக்குப் போனது பெரியதா என்று யோசித்தார். பொறாமை வந்துவிட்டால் நெத்திலியில்கூடப் பெரியது சின்னது தெரியும்.

காஜா பெராங்கில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் திறப்பது ஜனவரியில்தான். ஆனால் விஜயதசமியன்றே பிள்ளையைக் கூட்டி வந்துவிடுவார்கள். பித்தளைத் தட்டில் பச்சரிசியைப் பரப்பி, வாத்தியார் பிள்ளையை மடியில் உட்காரவைத்து, ஆட்காட்டி விரலைப் பிடித்து 'அ' எழுதவேண்டும். அன்று விரல் பிடித்த வாத்தியாரிடம்தான் ஜனவரியில் பிள்ளை வரும். வாக்குக் கொடுத்த மாதிரி. ஆகவே விஜயதசமியில் எத்தனை விரல் என்பதுதான் அடுத்த வருஷத்துச் சேர்க்கை. பதினெட்டு வருஷமாக அந்த விரல் அத்தனையும் கலியாணசுந்தரம் பிடித்தவை. லயத்தில் இன்று சடக்கு உருளை ஓட்டுகிறவனும் லோங்கான் என்கிற சாக்கடை கூட்டுகிறவனும் அவர் மடியில் உட்கார்ந்தவர்கள்தான்.

முந்தின நாள் சாயங்காலம் கருணாகரன் வந்து நின்றான்.

"சார், போன வருஷம் சனங்க வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டாங்க. இந்தத் தடவை நானும் ஒரு தட்டு வச்சுக்கட்டுங்களா? உங்களுக்கும் முதுகுவலி மிச்சம்."

"அதுக்கென்ன தம்பி, தாராளமா வையி" என்றார். வாய் சிரித்தது, வயிறு எரிந்தது. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பாக்கியலட்சுமி கொண்டைக்கடலை தாளித்து, பள்ளி முற்றத்தில் பாய் விரித்தாள். இரண்டு தட்டுகள். பெரிய வாத்தியார் வேட்டியை இழுத்துவிட்டுச் சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தார். கருணாகரன் தள்ளி, நிழல் போதாத ஓரத்தில் உட்கார்ந்தான். சனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பெரிய வாத்தியாரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு ஓரத்துத் தட்டுக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

அவர் தட்டுக்கு வந்தது கம்போங் செட்டிக்காரர்கள். மலாக்காவில் சுல்தான் இருந்த காலத்திலேயே வந்து குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வம்சம். நெற்றியில் திருநீறு, வீட்டுக்கு வீடு குலதெய்வம், வாயில் மட்டும் மலாய். தம்பிராஜா என்ற குமாஸ்தா தன் வீட்டுப் பிள்ளைகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளுமாக ஐந்து பேரைக் கூட்டி வந்திருந்தார். சடங்குக்கு நரைத்த தலைதான் பொருத்தம் என்று நேராகப் பெரிய வாத்தியாரிடம் வந்தார். ஐந்து விரலையும் பிடித்து எழுதவைத்ததும், "தெரிமா காசே, சிக்கு" என்று வாத்தியாருக்கு மலாயில் நன்றி சொல்லி, வாழையிலையில் கட்டிய தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைகள் படிக்கப் போவது இங்கிலீஷ் பள்ளிக்கு. வருஷா வருஷம் அப்படித்தான். அது அவருக்குத் தெரியாததல்ல.

கடைசியாக லயத்திலிருந்து அவர் தங்கை பூங்காவனம் மகள் சீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பூங்காவனத்தின் புருஷன் முனிசிபாலிட்டியில் தார் ஊற்றுகிற ஆள். சீதாவுக்கு ஆறு வயது நடக்கிறது. காது குத்தும்போது கலியாணசுந்தரம்தான் தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டார். அவர் அரிசியைத் திரும்ப நிரவி, மடியைத் தட்டி, "வாடி என் தங்கம்" என்றார்.

சீதா அவரைச் சுற்றிக்கொண்டு போய் கருணாகரனின் மடியில் உட்கார்ந்தாள்.

அவன் பதறிப்போனான். "பாப்பா, மாமாகிட்டப் போம்மா. மாமா கூப்பிடறாரு பாரு."

"நான் இங்கதான் உக்காருவேன்."

முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தைப் பேச்சுக்குச் சிரிக்கிற சிரிப்புதான். பெரிய வாத்தியாருக்கு அது அப்படிக் கேட்கவில்லை. பூங்காவனம் அருகில் வந்து குனிந்தாள்.

"தப்பா எடுத்துக்காதண்ணே. சைக்கிள் வாத்தியார்கிட்டதான் எழுதுவேன்னு வீட்டுலயே ஒரே அழுகை. அவரு தினம் லயத்துப் பக்கம் வர்றாரில்ல, இவளை சைக்கிள்ல வச்சு தண்ணிப் பீலி வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிப் போவாரு. அதான்."

"லயத்துக்கு அவன் ஏன் தினம் வர்றான்?"

"வராத புள்ளைங்களைத் தேடித்தான். பக்கத்து வீட்டு முத்தையன் மவன் பசியாறாம படுத்துக் கெடந்தான்னு ரொட்டி வாங்கிக் குடுத்துக் கூட்டிப் போனாரு. நீ வருவியாண்ணே அப்படி?"

"என் மடி என்ன ஆச்சு, அதைச் சொல்லு. தாய்மாமன் நான்."

"தாய்மாமன் உரிமை வேற, படிப்பு வேறண்ணே." பூங்காவனம் குரலைத் தாழ்த்தினாள். "என் வீட்டுக்காரரு உங்கிட்டப் படிச்சவருதான். கையெழுத்துப் போடுவாரு, அதுக்கு மேல ஒண்ணும் வராது. இவளாவது படிக்கட்டும்."

அவர் எழுந்து போய்ப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தார்.

அன்று மத்தியானம் மழை கொட்டியது. பாக்கியலட்சுமி இரண்டு தட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். கலியாணசுந்தரம் மேசையில் உட்கார்ந்து விரல் கணக்கைப் போட்டார். கருணாகரன் தட்டில் பதினாலு. அவர் தட்டில் ஐந்து. பத்தொன்பது. இருபத்தேழோடு பத்தொன்பது, நாற்பத்தாறு. முப்பது எங்கே, நாற்பத்தாறு எங்கே. பள்ளிக்கூடம் பிழைத்துவிட்டது.

செட்டிப் பிள்ளைகள் ஐந்தையும் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று பதினெட்டு வருஷ அனுபவம் சொல்லவே செய்தது. ஆனால் அந்த ஐந்தைக் கழித்தால் அவர் தட்டில் மிஞ்சுவது சைபர். சைபரை எழுத அவர் கை வரவில்லை. சேர்த்தே எழுதினார். பயம் இருந்த வரைக்கும் அவன் தேவைப்பட்டான். பயம் போனதும் எரிச்சல் மட்டும் மிச்சமிருந்தது. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று இருப்பவனுக்கு, மூக்கு பத்திரமாக இருக்கிறது என்று தோன்றிவிட்டால் கேட்கவா வேண்டும். அவனை மாற்றல் பண்ணச் சொல்லி இலாகாவுக்கு எழுத உட்கார்ந்தார்.

முதல் காகிதத்தில் குறைகளை எழுதத் தொடங்கினார். இரண்டு வரியில் நிறுத்திவிட்டார். இலாகாவின் குணம் அவருக்குத் தெரியும். யுத்தத்துக்குப் பிறகு குடிகார உதவி வாத்தியார் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி மூன்று தடவை எழுதினார். உங்கள் அனுபவத்தால் அவரைத் திருத்துங்கள் என்று மூன்று தடவையும் பதில் வந்தது. கெட்டவன் என்றால் தலையில் கட்டுவார்கள். நல்லவன் என்றால் பிடுங்கிக்கொண்டு போவார்கள். ஆகவே புதுக் காகிதம் எடுத்து இங்கிலீஷில் புகழ்ந்து எழுதினார்.

வேலைக்கு ஆகும் என்று எழுதத் தொடங்கியது, எழுத எழுத நீண்டுகொண்டே போயிற்று. மழையிலும் பாடம் நடத்துவது, லயத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது, பிரம்பைத் தொடாதது, பரீட்சையில் ஏழுக்கு ஆறு. இரண்டு வருஷமாக அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒவ்வொன்றும் வரியாக வந்து விழுந்தது. மூன்று பக்கம். இவ்வளவு திறமையுள்ளவரை இந்தச் சின்னப் பள்ளியில் அடைத்து வைப்பது அநியாயம், தூரமானாலும் பெரிய பள்ளிக்கு அனுப்புங்கள் என்று முடித்தார். ஊரை விட்டுத் தூரத்தில் ஜாசின் பக்கம் ஏதாவது தோட்டத்துப் பள்ளிக்குத் தூக்கிப் போடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

பாக்கியலட்சுமி பொங்கல் கிண்ணத்தோடு வந்தாள். "என்ன இவ்வளவு நீளமா?"

"கருணாகரனைப் பத்தி நல்லா எழுதறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா?"

"ஏன், நான் எழுதக்கூடாதா?"

"எழுதலாம். நீங்க ஒருத்தரை நல்லவருன்னு சொல்லி நான் கேட்டதில்ல, அதான் பயமா இருக்கு" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பரில் விடுமுறைக்குப் பள்ளி மூடுகிற அன்று இலாகாவிலிருந்து உத்தரவு வந்தது. கருணாகரன் கவரைப் பிடித்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றான்.

"மாத்தலா தம்பி?" என்று கேட்டார், ஒன்றும் தெரியாதவர் போல.

"ஆமாங்க சார். தெங்கேரா."

"எங்க?"

"தெங்கேராப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியராப் போட்டிருக்காங்க. எனக்கு ஒண்ணுமே புரியல சார். மூணு வருஷம்கூட ஆவல நான் வேலைக்கு வந்து."

தெங்கேரா கடலோரம். காஜா பெராங்கிலிருந்து நடந்தால் அரை மணி. பிள்ளைகள் ஓடினால் இருபது நிமிஷம். தொலைந்து போகட்டும் என்று எழுதினால் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய், அதுவும் தன் சமானத்துக்கு நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கலியாணசுந்தரம் அந்தப் பதவிக்கு வர பதினாறு வருஷம் உதவி வாத்தியாராக இருந்தார்.

"நல்லா இரு தம்பி" என்றார். கருணாகரன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பாக்கியலட்சுமி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் அவருக்குப் பரிமாறும்போது பாத்திரங்கள் அதிகமாகச் சத்தம் போட்டன.

ஜனவரி வந்தது. முதல் நாள் அவர் புதுப் பதிவேடும் மைப்புட்டியுமாக முற்றத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். தம்பிராஜா சைக்கிளில் போனார், பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட பையன் உட்கார்ந்திருந்தான். "சிக்கு" என்று கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டு இங்கிலீஷ் பள்ளிப் பக்கம் திரும்பினார். ஐந்து போயிற்று. மற்ற பதினாலும் வரவில்லை. பழைய பிள்ளைகளிலும் ஒன்பது பேரைக் காணோம். பத்து மணிக்குத் தலையை எண்ணினார். பதினெட்டு.

அடுத்த மூன்று நாளும் அதே பதினெட்டுதான். நாலாம் நாள் நேராக லயத்துக்குப் போனார். அவர் அங்கே போய் எத்தனையோ வருஷமாயிற்று. பூங்காவனம் பீலியடியில் துணி கும்மிக்கொண்டிருந்தாள்.

"சீதா எங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாண்ணே."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

அவள் சோப்பைக் கீழே வைத்தாள். "வெரலு பிடிச்ச வாத்தியார்கிட்டதானே அனுப்பணும். நீதான் வருஷா வருஷம் சொல்லுவ. லயத்துலேர்ந்து எல்லாப் புள்ளைங்களும் சேந்துதான் நடந்து போவுது. பெரிய புள்ளைங்க முன்னால, பொடிசுங்க நடுவுல."

"என் பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க பூங்காவனம்."

"தெரியும்ணே. அண்ணி வந்து சொல்லி அழுதாங்க." அலசின துணியைப் பிழிந்து போட்டாள். "அந்த வாத்தியாரும் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. உங்க பள்ளிக்கூடத்துக்கே போங்க, பெரிய சார் இருக்காருன்னு. இதுங்க கேட்டுக்கு வெளியவே உக்காந்துகிச்சுங்க. வெயில்ல வாடுதேன்னு உள்ள விட்டாரு. வேணும்னா நீ போய்க் கேளு. நீ கேட்டா குடுத்துருவாரு. அவரு அப்படிப்பட்டவரு."

அப்படிப்பட்டவர் என்ற சொல்தான் அவரைச் சுட்டது.

மூன்றாம் வாரம் பொன்னுதுரை வந்தார். பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "திங்கட்கிழமை வரையிலை நேரம் தாறன் வாத்தியார். அதுக்குப் பிறகு தெங்கேராவோட சேர்க்கவேண்டியதுதான். என்னாலை வேறை ஒண்டும் செய்யேலாது."

பாக்கியலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொன்னுதுரை போனதும் வெளியே வந்தாள்.

"அந்தக் கடுதாசி என்னன்னு இப்பத்தான் புரியுது எனக்கு."

கலியாணசுந்தரம் பதிவேட்டை மூடினார்.

"நல்லவன்னு எழுதி விரட்டிட்டீங்க. பதினெட்டு வருஷம் இந்த வீட்டு வாசல நான் கூட்டியிருக்கேன். அந்தப் பண்டான் செடி நான் வச்சது. எங்க போறது இப்ப? போங்க. போய் அந்தப் பையன்கிட்டக் கேளுங்க. அதுக்குக் கூச்சமா இருந்தா நான் போறேன்."

மறுநாள் காலை அவர் கோட்டை மாட்டிக்கொண்டு தெங்கேராவுக்கு நடந்தார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டார். தம்பி, என் எல்லைக்குள்ள இருக்கிற பிள்ளைங்களை நீ சேக்கறது முறையில்ல. இது ஒரு விதம். தம்பி, எனக்கு வயசாச்சு, வீடு போயிரும். இது இன்னொரு விதம். எதைச் சொன்னாலும் அவன் கொடுத்துவிடுவான் என்பது நடையைக் கனக்க வைத்தது. இல்லை என்று சொல்லுகிற ஆளாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

கடல் வற்றிக் கிடந்தது. சேற்று வாடை தெரு வரைக்கும் வந்தது. பள்ளிக்கூடத்து ஜன்னலோரம் வந்தவர் உள்ளே போகாமல் நின்றார். பாடம் நடந்துகொண்டிருந்தது. கருணாகரன் கரும்பலகையில் எழுதுகிறான், முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து படிக்கிறார்கள். சீதா எழுந்தாள்.

"மரம். படம். கடல்."

பக்கத்துப் பையன் எழுந்து "கடம்" என்றான். சீதா திரும்பி, "கடைசி எழுத்தைப் பாருடா. ல். கடல். வெளிய இருக்கே, அது" என்றாள். பையன் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டுச் சரியாகப் படித்தான்.

பள்ளி திறந்து பதினேழு நாள் ஆகிறது. பதினெட்டு வருஷத்தில் கலியாணசுந்தரத்தின் வகுப்பு எதுவும் பதினேழாவது நாளில் 'ஈ'யைத் தாண்டியதில்லை. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கிளம்பி வந்தது பழைய எரிச்சல்தான், இன்னும் பத்து மடங்காக. அதற்கு நடுவில், இந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப் போய்த் தன் நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்து 'ஈ' சொல்லச் சொல்வதை நினைத்துப் பார்த்தார். ஒத்திகை பார்த்த இரண்டு பேச்சும் மறந்துபோயின.

சீதாதான் முதலில் பார்த்தாள். ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"மாமா, நீங்களும் இங்க சேர வந்தீங்களா?"

"ஆமாண்டி" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கே தெரிந்தது.

கருணாகரன் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வெளியே அனுப்பிவிட்டு ஓடி வந்தான். தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சார், நானே வரணும்னு இருந்தேன். நாளைக்கே எல்லாரையும் கூட்டியாந்து விட்டுடறேன். நானே கூட நடந்து வர்றேன். உங்க பள்ளிக்கூடம் மூடக்கூடாது சார்."

"வேணாம். திங்கக்கிழமை சேத்துடச் சொல்லி எழுதிட்டேன்." இன்னும் எழுதவில்லை. "மிச்சம் பதினெட்டையும் நான் கூட்டிக்கிட்டு வர்றேன். எனக்கு எந்த வகுப்பு குடுப்ப?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க." கருணாகரன் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தான். "போன வாரம் பொன்னுதுரை சார் வந்திருந்தாரு. உங்க கடுதாசியைக் காட்டினாரு. மூணு பக்கம். என்னைப் பெத்தவங்ககூட அப்படிப் பேசினதில்ல சார். அவ்வளவு கவனிச்சிருக்கீங்க. உங்களால வந்த பதவி. உங்களுக்கு மேல நான் எப்படி சார் உக்காருவேன்?"

பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பெருமை கலியாணசுந்தரத்துக்கே மிஞ்சும். ஆசையாகத்தான் இருந்தது.

"அது உன்னை விரட்டறதுக்கு எழுதுனது" என்றார்.

கருணாகரன் புரியாமல் பார்த்தான்.

"ஜாசின் பக்கம் தூக்கிப் போடுவாங்கன்னு நெனச்சேன். நீ என் கண்ணுல படக்கூடாதுன்னு எழுதினேன். எழுதினதுல ஒரு வரி பொய் இல்ல. அதுதான் என் வயித்தெரிச்சல். பொய்யா இருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

வெளியே பிள்ளைகள் பானையடியில் தள்ளிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கருணாகரன் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் வருமா என்று பெரிய வாத்தியார் பார்த்தார். வந்தால் நல்லது என்றுகூட இருந்தது. வரவில்லை.

"அப்ப என் குறையெல்லாம் அந்தக் கடுதாசியில எழுதாம விட்டுட்டீங்க" என்றான் மெதுவாக. "எழுதியிருந்தா எனக்கு உபயோகமா இருந்திருக்கும். இப்பவாவது சொல்லுங்க சார்."

"என்னத்தைச் சொல்றது? ரெண்டு வருஷம் தேடினேன். ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுது."

"என்னது?"

"பலகையில எழுதும்போது உன் வரி வலது பக்கம் சரியும். வரி கடைசிக்குப் போகப் போக ஒரு சாண் எறங்கிடும். ஓரத்துல உக்காந்த புள்ளை கழுத்தைச் சாச்சுத்தான் படிக்கும். சீதா இப்ப அப்படித்தான் படிச்சா."

கருணாகரன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். மரம், படம், கடல். மரம் ஒரு உயரத்தில் இருந்தது, கடல் கீழே இறங்கியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தான். பின்னால் வந்து பார்த்தான்.

"ஆமா சார்" என்றான். "ட்ரெய்னிங்ல மூணு வருஷம் இருந்தேன், ஒருத்தரும் சொல்லல. பொன்னுதுரை சார் எத்தனை தடவை வந்து பாத்திருக்காரு, அவரும் சொல்லல. இத்தனை பேரு பாத்தும் யாரு கண்ணுலயும் படலயே சார்."

கலியாணசுந்தரம் பெஞ்சிலிருந்து எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"என்னை மாதிரி உன்னை யாரு பாத்தா?" என்றார்.